குடிக்காதவனின் குழறல்

தூத்துக்குடிக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர்களில் விக்டர் மிராண்டாவைத்தான் வள்ளக்காரர்கள் முதலில் தேடுவார்கள். அவன் கத்திப் பேசுகிற ஆள் இல்லை. மீனின் பெயர், கேட்ட விலை, கேட்டவர் பெயர் மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்கிக்கொண்டே போவான். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஓர் எழுத்துகூடச் சிதையாது. கூட்டத்தின் பின்னால் நிற்கும் வியாபாரி புருவத்தைத் தூக்கினால் போதும், அதுவும் விலையில் சேர்ந்துவிடும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவன் சற்று இழுத்து நிறுத்துகிற நேரத்தில் யாராவது ஒருவர் விலையை இன்னொரு படி ஏற்றிவிடுவார்.

நாற்பத்தேழாம் வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்த சமயத்தில் அந்தத் 'தரம்' கெட்டது. 'ர' சரியாக விழவில்லை. சீலா மீனைச் சொன்னால் 'ல' கரைந்துபோயிற்று. முதலில் விக்டர் அதைச் சளி என்று நினைத்தான். பிறகு பல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்தான். காலையில் ஓரளவு நன்றாக வரும் பேச்சு, ஏலம் முடிகிற நேரத்துக்குள் வாயில் பஞ்சை அடைத்தது போல் ஆகிவிடும். வைத்தியர் ஒருவர் வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொன்னார். அவனும் ஒரு மாதம் தடவினான். நாக்கு கசந்ததே தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

கரையில் இருந்தவர்களுக்கு வேறு சந்தேகம் வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில் விக்டர் நன்றாகக் குடித்தவன். அவன் மனைவி ஞானசௌந்தரி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு புன்னைக்காயலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். விக்டர் அங்கே போய், கோயில் பீடத்துக்கு முன்னால் அவளையும் நிறுத்தி வைத்துக்கொண்டு, இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தான். அதன்பின் பதினெட்டு இருபது வருஷமாக ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்தக் குழந்தை பிலோமி வளர்ந்து, பெரியதாழையில் வாழ்க்கைப்பட்டும் போய்விட்டாள்.

ஆகவே பேச்சு குழறத் தொடங்கியதும் ஞானசௌந்தரிதான் முதலில் பயந்தாள். அவன் தூங்கும்போது குனிந்து வாயை முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை. கிராம்பு மென்று மறைக்கிறான் என்று நினைத்தாள். ஒருநாள் நேராகவே கேட்டாள். இல்லை என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையே குழறிக்கொண்டு வந்தது. அவளுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. சோறு வைப்பாள், வேட்டி துவைத்துப் போடுவாள், அவனோடு பேசமாட்டாள். வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்து, அவர்களுக்குள்ளும் பேச்சு நின்றுபோன அந்த மாதங்களில் அவனுடைய நாக்கு எவ்வளவு கெட்டுப்போயிற்று என்பதை அவள் கவனிக்காமலே விட்டுவிட்டாள்.

கோடைக்குள் வள்ளக்காரர்கள் ஏலத்தை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார்கள். கருவாட்டு வியாபாரி மந்திரமூர்த்தி மட்டும் விக்டரைக் கூப்பிட்டுத் சரக்கு சேர்த்து வைக்கும் தன் கிட்டங்கியில் கருவாட்டைத் தரம் பிரித்து அடுக்குவதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவன் ஏலம் கூறிய காலத்தில் தினமும் எதிரில் நின்று மீன் வாங்கியவர் அவர். விக்டர் குடிக்கிறானா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. கடைகளை மூடிவிட்டார்கள். தள்ளாடி நடக்கிற ஆளைக் கண்டால் போலீஸ் பிடிக்கலாம் என்றாயிற்று. ஒருநாள் சாயங்காலம் கிட்டங்கியிலிருந்து வீடு திரும்பும்போது விக்டரின் இடது பாதம் தரையில் இடறிற்று. சில நாட்களாக அப்படி இடறிக்கொண்டிருந்ததுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே வந்த போலீஸ்காரர் பெயரைக் கேட்டார். விக்டர் தன் பெயரைச் சொன்னான். அது பெயர் மாதிரியே வரவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி சொல்ல முயன்றபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணில் நீர் வழிய, நடுத்தெருவில், போலீஸ்காரரின் முகத்துக்கு நேரே நின்று சிரித்தான்.

ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி மந்திரமூர்த்திக்கு வந்தது. அவர் முதலில் விக்டர் வீட்டுக்குப் போய் ஞானசௌந்தரியைக் கூப்பிட்டார். அவள் அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கெடக்கட்டும் அண்ணாச்சி. மாதாவுக்கு முன்னால செஞ்ச சத்தியம் அது. அதுக்குப் பெறவு நான் எங்கன வந்து நிக்க?"

மந்திரமூர்த்தி தனியாகவே போனார். அவர் போனபோது விக்டரைக் குடித்திருக்கிறானா என்று சான்று வாங்குவதற்காக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவரும் அங்கே போனார். அன்று அங்கே இருந்தவர் டாக்டர் எஸ்றா. யுத்தத்தின்போது பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அதிகம் பேசாதவர். விக்டரின் மூச்சை முகர்ந்தார், கண்ணைப் பார்த்தார், நடக்கச் சொன்னார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார்.

நாக்கு பல்லைத் தாண்டவில்லை. டாக்டர் விளக்கை அருகில் கொண்டுவரச் சொல்லி வாய்க்குள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போலீஸ்காரரையும் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னார். நாக்கு ஓரமெல்லாம் சுருங்கி மெலிந்திருந்தது. அது வாய்க்குள் சும்மா கிடக்கும்போதே அதன் தோலுக்கடியில் புழுக்கள் நெளிவது போல ஒரு துடிப்பு ஓடிக்கொண்டேயிருந்தது.

"குடிச்சவனுக்கு நாக்கு குழறும், சுருங்காது" என்றார் டாக்டர். "இது பல மாசமாச் சுருங்கியிருக்கிற நாக்கு. இந்த ஆள் குடிக்கலைன்னு எழுதித் தாரேன், கொண்டு போங்க."

சட்டையைக் கழற்றச் சொன்னார். தோளிலும் மேற்கையிலும் அதே துடிப்பு இருந்தது. வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. தாடையில் சின்ன ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார், வாய் வெடுக்கென்று மூடிக்கொண்டது. வலிக்கிறதா, எங்காவது மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டார். விக்டர் இரண்டுக்கும் இல்லையென்று தலையசைத்தான். டாக்டர் சட்டையை அவரே எடுத்துக் கொடுத்தார். அடுத்த நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று மந்திரமூர்த்தியிடம் சொல்லி அனுப்பினார்.

மந்திரமூர்த்தி விக்டரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். நடந்ததை வாசலில் நின்றே சொன்னார். ஞானசௌந்தரி கேட்டுக்கொண்டாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். விக்டர் சாப்பிடுவதை அன்றைக்குத்தான் அவள் பல மாதங்களுக்குப் பிறகு உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு கவளத்தையும் விரலால் உள்ளே தள்ளிக் கன்னத்திலிருந்து எடுத்து மறுபடி தள்ளிக்கொண்டிருந்தான். நாக்கு அந்த வேலையைச் செய்யவில்லை.

மறுநாள் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். இது தசையை ஆட்டுகிற நரம்புகளுக்கு வரும் நோய் என்றார். கையைத் தூக்கு, நாக்கைப் புரட்டு என்று மூளை சொல்வதைத் தசைக்குக் கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. கேட்பாரில்லாத தசை துடிக்கும், பிறகு மெலிந்துபோகும். ஏன் வருகிறது என்று தனக்கும் தெரியாது, உலகத்தில் எவருக்கும் தெரியாது என்றார். இத்தாலியில் ராணுவ ஆஸ்பத்திரியில் இதே நோய் கண்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரியைப் பார்த்திருக்கிறார். அங்கேயும் மருந்து இல்லை. சிலருக்குக் கையில் தொடங்கும், சிலருக்குக் காலில் தொடங்கும், விக்டருக்கு நாக்கில் தொடங்கியிருக்கிறது. நாக்கில் தொடங்குவது சற்று வேகமாகப் போகும்.

ஞானசௌந்தரி ஒட்டுமா என்று கேட்டாள். ஒட்டாது. மகளுக்கு வருமா என்று கேட்டாள். அநேகமாக வராது, அப்படி வருவது மிக அபூர்வம் என்றார். சத்தியத்தை மீறினால் வருமா என்று கேட்க நினைத்து, அதைக் கேட்கவில்லை. எத்தனை நாள் என்பதை விக்டரே கேட்டான். டாக்டருக்குப் புரியும்படி அவள்தான் அதைத் திருப்பிச் சொன்னாள். இரண்டு வருஷம், சிலருக்கு மூன்று, அதில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஏற்கெனவே போய்விட்டது என்றார் டாக்டர். நடக்க முடியாமல் போகும், கை போகும், விழுங்குவது கஷ்டமாகும், கடைசியில் மூச்சு இழுக்கிற தசையும் ஓயும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

ஞானசௌந்தரி டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"போறதெல்லாம் சொல்லிட்டிய. போவாம இருக்கிறது எது சார்?"

டாக்டர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கண்ணு போகாது. பார்க்கிறதும் சரி, கண்ணை அசைக்கிறதும் சரி. காது போகாது. தொட்டா தெரியும். அநேகமா புத்தி அப்படியே இருக்கும்" என்றார். பிறகு விக்டரைப் பார்த்துச் சொன்னார். "அது நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியலை. நீங்கதான் பிறகு சொல்லணும்."

தெருவில் வந்த அந்தச் சிரிப்பைப் பற்றியும் டாக்டர் எச்சரித்தார். காரணமில்லாமல் சிரிப்பும் அழுகையும் வரும். அதற்கும் மனசுக்கும் சம்பந்தமில்லை.

திரும்பும்போது இருவரும் கடற்கரைச் சாலையோரம் நடந்து வந்தார்கள். தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு தோணிகள் போய்க்கொண்டிருந்தன. விக்டருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்தான்.

"நான் ஒங்கள நம்பல" என்றாள் ஞானசௌந்தரி.

அவன் பதில் சொல்ல நேரமெடுத்தது. அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் புரிந்தது. "நானே நம்பல ஏளா. குடிச்சிட்டு மறந்துட்டேனோன்னு எனக்கே சில நாளு சந்தேகம் வந்துச்சு."

அவன் சிரித்தான். பிறகு அது அழுகையாக மாறியது. எது அவனுடையது, எது நோயினுடையது என்று அவளுக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அடங்குகிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தை மாதம் மந்திரமூர்த்தியின் தாயார் இறந்துபோனார். விக்டரும் ஞானசௌந்தரியும் துட்டிக்குப் போனார்கள். விக்டர் அதற்குள் கம்பு ஊன்றித்தான் நடந்தான். ஆண்கள் இருந்த பந்தலில் அவனை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் உள்ளே பெண்களோடு போய் உட்கார்ந்தாள். மந்திரமூர்த்தியின் தாயார் விக்டருக்குப் பலமுறை சோறு போட்டவர். உடலைப் பார்த்ததும் அவனுக்கு அழ வேண்டும் போலிருந்தது. அடுத்த கணம் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை வாயில் திணித்துப் பார்த்தான். சத்தம் இன்னும் கூடியது. பந்தலில் எல்லோரும் திரும்பினார்கள். மந்திரமூர்த்தியின் தம்பி வெள்ளத்துரை எழுந்துவந்து சட்டையைப் பிடித்துத் தூக்கினார். கம்பு கீழே விழுந்தது.

ஞானசௌந்தரி பெண்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஆண்கள் பந்தலின் நடுவில் நின்றுதான் பேசினாள். அவ்வளவு பேருக்கு முன்னால் அவள் அதற்கு முன் வாய் திறந்ததில்லை.

"அவுகள விடுங்க. அவுக சிரிக்கல. அந்த நோவு அப்படி. உள்ளுக்குள்ள ஒண்ணு நெனைக்க, மொகம் வேற ஒண்ணு செய்யும். அழுதாலும் இப்படித்தான் வரும். ஆத்தாளுக்காக அவுக அழுதுக்கிட்டுதான் இருக்காவ. ஒங்களுக்கு அது தெரியல, அவ்வளவுதான்."

வெள்ளத்துரை கையை எடுக்கவில்லை. மந்திரமூர்த்தி எழுந்து வந்து, தம்பியின் கையை விலக்கி, கீழே கிடந்த கம்பை எடுத்து விக்டரின் மடியில் வைத்தார். அவன் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். சிரிப்பு ஓய வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் எழுந்திருக்கவில்லை. அன்றோடு ஊருக்குள் குடிப்பேச்சு நின்றது. வேறு பேச்சுகள் வந்தன. சாபம் என்றார்கள், செய்வினை என்றார்கள். வாசலில் நின்று யாராவது கேட்டால் ஞானசௌந்தரி டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லி அனுப்பினாள்.

பங்குனிக்குள் கால் இரண்டும் ஓய்ந்தன. வலது கை ஓய்ந்தபின் கொஞ்ச நாள் இடது கையால் சிலேட்டில் எழுதினான். அதுவும் போயிற்று. பேச்சு வெறும் ஓசையாகிவிட்டது. ஞானசௌந்தரிக்கு மட்டும் அதில் சில வார்த்தைகள் பிடிபட்டன. கழுத்து நிற்காமல் தலை முன்னால் விழுந்ததால் துண்டைச் சுருட்டி மோவாய்க்குக் கீழே முட்டுக் கொடுத்தாள். வாயில் எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். துடைப்பதற்கென்று பழைய வேட்டியைக் கிழித்துச் சிறு சிறு துணிகளாக வைத்துக்கொண்டாள்.

சாப்பாடுதான் பெரிய வேலை. சோற்றைவிடத் தண்ணீர்தான் ஆபத்து என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு வாய்த் தண்ணீர் மூக்கு வழியே வந்து, இருமி, முகம் கறுத்துப்போகும். கெட்டியான கேப்பைக் கூழ் இறங்கிவிடும். சீலாவை அவித்து, முள் ஒன்றில்லாமல் எடுத்து, சோற்றோடு மைபோல மசித்துக் கொடுப்பாள். ஒவ்வொரு வாய்க்கும் மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் வாரம் ஒருமுறை சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மருந்து எதுவும் கொடுக்கமாட்டார். என்ன மாறியிருக்கிறது என்று கேட்பார், அடுத்து என்ன மாறலாம் என்று சொல்வார். அவர் சொன்னது சில சமயம் முன்னாலும் சில சமயம் பின்னாலும் வந்தது. ஆனால் வந்தது.

பேசுவதற்கு அவர்களுக்குள் ஒரு வழி உண்டாயிற்று. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவாள். தண்ணியா, தலகாணியா, காலை மடக்கணுமா, கொசுவா. சரியானது வந்ததும் விக்டர் கண்ணை மூடித் திறப்பான். அதில் இல்லாத விஷயமென்றால் எழுத்துகளைச் சொல்வாள். ஆனா ஆவன்னாவில் தொடங்கி அவள் அடுக்க, அவன் கண்ணை மூடுகிற இடத்தில் நிறுத்தி அந்த எழுத்தை மனதில் வைத்துக்கொள்வாள். மந்திரமூர்த்தி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, ஏலம் கூறுகிற வேலை வீட்டுக்காரிக்கு வந்துவிட்டது, நீ பின்வரிசையில் நின்று கண்ணைக் காட்டுகிறாய் என்றார். விக்டரின் கண் உடனே மூடித் திறந்தது.

எல்லா நாளும் இப்படிப் பொறுமையாகப் போகவில்லை. ஒருநாள் அவன் கரண்டியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தாடை இறுகிக்கொண்டதா, கோபமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூழ் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, எத்தனை நாளைக்குத்தான் என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். பிறகு கொல்லைப் பக்கம் போய்த் துவைகல்லில் உட்கார்ந்து அழுதாள். திரும்பி வந்தபோது அவன் கண் அவளுக்காகக் காத்திருந்தது. எழுத்துகளைச் சொன்னாள். 'கோ' என்ற எழுத்தில் மூடினான், பிறகு 'ப'வில். கோபம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது அவனுக்கு. யார் மேல் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கும் அதே கோபம்தான் இருந்தது.

வைகாசியில் விழுங்குவது மிகவும் குறைந்தது. மூக்கு வழியாக ரப்பர்க் குழாய் ஒன்றை இறக்கி அதில் பாலும் கஞ்சியும் விடலாம் என்றார் டாக்டர். குழாய் போட்டால் பசி தெரியாது, ஆனால் மூச்சுக்கு அது உதவாது. முடிவை விக்டரிடம்தான் கேட்க வேண்டும், ஒரே நாளில் கேட்டுவிடக் கூடாது என்றும் சொன்னார். பெரியதாழையிலிருந்து வந்திருந்த பிலோமி, குழாய் வேண்டாமென்றால் அப்பாவைப் பட்டினி போடுவதா என்று அழுதாள். ஞானசௌந்தரி இடைவெளி விட்டு வெவ்வேறு நாட்களில் கேட்டாள். குழாய் வேணுமா என்றால் விக்டரின் கண் திறந்தே இருக்கும். வேண்டாமா என்றால் மூடும். கடைசியாகக் கேட்டபோது பிலோமியையே கேட்கச் சொன்னாள். அவளிடமும் அதே பதில்தான் வந்தது. அதற்குப் பிறகு பிலோமி அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

அந்த நாட்களில் ஒருநாள் மந்திரமூர்த்தி வந்து கரையில் நடந்ததைச் சொன்னார். ஏலத்தின்போது அவர் காது அரித்ததென்று சொறிந்துகொண்டாராம். புது ஏலக்காரன் அதை விலையாக எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காத ஒரு நாறிப்போன சுறாவை அவர் தலையில் கட்டிவிட்டானாம். விக்டர் சிரித்தான். முகத்தில் தசை எவ்வளவு மிச்சம் இருந்ததோ அவ்வளவும் அசைந்தது. சிரிப்பு கண்ணில் முதலில் வந்தது, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. இது அவனே சிரித்தது என்று ஞானசௌந்தரிக்குத் தெரிந்தது. மந்திரமூர்த்திக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் அந்தச் சுறாவின் கதையை இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னார்.

நற்கருணை வாங்க முடியாதே என்பது விக்டரின் மனதில் இருந்தது. அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் எடுக்க நாக்கு இல்லை. ஞானசௌந்தரி பங்குச் சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் வீட்டுக்கு வந்து, அப்பத்தில் ஒரு துணுக்கை மட்டும் எடுத்து, சிறு கரண்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, அவள் காட்டிய மாதிரி மோவாயைத் தாழ்த்திக் கொடுத்தார். இறங்குகிறவரை அவரும் ஞானசௌந்தரியும் பிலோமியும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கியது.

மூச்சு முட்டித் துடித்துப் போவானோ என்பதுதான் ஞானசௌந்தரியின் பயம். அதையும் டாக்டரிடம் கேட்டிருந்தாள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை, மூச்சு மேலோட்டமாகி, தூக்கம் கூடிக்கொண்டே போய், ஒருநாள் விழிக்கமாட்டார் என்று அவர் சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், ஒரு மத்தியான நேரத்தில், விக்டர் அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் வியர்வையைத் துடைக்கக் குனிந்தபோது மூச்சு இல்லை. எப்போது நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை. பிலோமியைக் கூப்பிடுவதற்கு முன்னால் மோவாயிலிருந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்துவிட்டாள்.

அதன்பின் ஞானசௌந்தரி மந்திரமூர்த்தியின் கிட்டங்கியில் கருவாடு காயப்போடுகிற வேலைக்குப் போனாள். ஆவணியில் ஒருநாள் டாக்டர் எஸ்றா அவளைக் கூப்பிட்டனுப்பினார். முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிற பிச்சையா என்பவனுக்கு அதே நோய் என்றார். தான் சொன்னதைவிட, பக்கத்திலிருந்து பார்த்த ஞானசௌந்தரி சொன்னால் அவன் மனைவி செண்பகத்துக்கு உதவியாக இருக்கும், விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் ஞானசௌந்தரி வந்தாள். இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து, காலியான ஓலைக் கடகப்பெட்டியைக் கையில் பிடித்தபடி முள்ளக்காட்டுக்கு நடந்தாள்.

பிச்சையா குடிசைக்கு வெளியே கட்டிலில் இருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். காலில்தான் தொடங்கியிருந்தது. பேச்சு கணீரென்று இருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டதும் ஞானசௌந்தரிக்கு ஒரு கணம் என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோயிற்று. தன் வீட்டுக்காரருக்கு நாக்கில் தொடங்கியது, இவனுக்குக் காலில் தொடங்கியிருக்கிறது, இரண்டும் ஒரே வழியில் போகாது, இவனுக்கு மெதுவாகப் போகலாம், அதனால் தனக்குத் தெரிந்ததெல்லாம் இவனுக்கு ஒத்துவராது என்று முதலில் சொன்னாள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனிடமே கேட்டாள்.

பிச்சையா உப்புப் பாத்திகளைப் பார்த்தபடி யோசித்தான். "மழ வார வரைக்கும் சொல்லுங்கக்கா. மழைக்கு எப்படியும் வேல கெடையாது. அதுக்கு மேல உள்ளது இப்ப எனக்கு வேண்டாம்."

அவள் மழை வரைக்கும் உள்ளதைச் சொன்னாள். கம்பு ஒன்று இப்போதே செய்துவைத்துக்கொள்ளச் சொன்னாள். வரப்பில் தனியாக நடக்க வேண்டாம், ஈரத்தில் பாதம் இடறும் என்றாள். உடம்பில் ஆங்காங்கே துடித்தால் பயப்படாதே, அது வலிக்காது என்றாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரி என்றான்.

புறப்பட்டபோது செண்பகம் வழிகாட்டுவது போலக் கூடவே வந்தாள். உப்புக் குவியல்களைத் தாண்டி, குடிசை கண்ணுக்கு மறைகிற இடத்தில் நின்றாள்.

"யக்கா, மழைக்குப் பெறவு உள்ளத எனக்குச் சொல்லுங்க."

ஞானசௌந்தரி கடகப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவளை உட்காரச் சொன்னாள். தானும் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினாள்.